வேலை கேட்டுத்தான் வந்தேன்

சென்னையில் இருந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் எனக்கு வேலை ஒதுக்கிக் கொடுக்கும் பெண் ஒரு நாள் காலையில் போன் செய்தாள். பல வருடங்களாக மெயிலில் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவள். அவள் பெயர் போனில் ஒளிர்ந்ததுமே எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"மேடம், இனிமே முதல் டிராஃப்ட் எல்லாம் மெஷினே பண்ணிடுமாம். திருத்துறதுக்கு ஆபீஸ்ல இருக்கிறவங்களே போதும்னு சொல்லிட்டாங்க. ஏதாவது வந்தா நானே கூப்பிடுறேன்."

"கூப்பிடுங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. அவளையும் அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, தெருவில் தமிழ். காஞ்சிபுரத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. ஆனால் பேசுகிற அளவுக்கு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. என் அம்மா சித்தூரில் பள்ளிக்கூடம் போனவர் என்பதால் எனக்குத் தெலுங்கு எழுத்தும் வந்தது. கல்லூரியில் ஆங்கிலம் படித்தேன். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை செய்து வந்தேன். மருந்து அட்டை, வங்கிப் படிவம், மிக்ஸியை எப்படிக் கழுவுவது என்கிற குறிப்பு, எல்லாம் தானாக வந்தன. யாரிடமும் போய் வேலை கேட்டதில்லை. கேட்கத் தெரியாது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் மெயில் எழுதினேன். யாரென்றே தெரியாத கம்பெனிகளுக்கு, முகம் தெரியாத மேனேஜர்களுக்கு. அந்த ஒரு பக்கத்தை எழுதி முடிக்க ஒரு வாரம் ஆனது. எழுதினால் பெருமையடிப்பது போல இருக்கும், அழித்தால் பிச்சை கேட்பது போல இருக்கும். அனுப்பியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலே இல்லை. ஒருவர் மட்டும் இனிமேல் மெயில் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார். போன் செய்து பார்த்தேன். "வணக்கம் சார், நான் காஞ்சிபுரத்திலிருந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் "லோன் வேணாம்மா" என்று வைத்துவிட்டார்கள்.

என் கணவர் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாக ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். நான் லேப்டாப்பையே முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்:

"வீட்லயே குந்திக்கினு மெயில் போட்டா எவன் பாக்கப் போறான்? ஊர்ல எத்தினி பேர் ஆந்திராவிலேர்ந்து வந்துக்கினு போறாங்க. பஸ் பஸ்ஸா வராங்க. அவங்களுக்கு வேலை செய்றவனுக்கு உன்னோட தெலுங்கு வேணும்தானே? நேர்ல போய்க் கேளேன்மா."

சொல்வது சுலபம். ஆனாலும் போனேன்.

பட்டுப்புடவைக் கடைகளில் ஒரு சங்கடம் இருக்கிறது. வேலை கேட்டு வருகிற பெண்ணுக்கும் புடவை வாங்க வருகிற பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் போன கடையில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, மெத்தையில் உட்கார வைத்து, நான் வாயைத் திறப்பதற்குள் விற்பனையாளர் புடவைகளை விரிக்க ஆரம்பித்துவிட்டார். அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று என் முன்னால் ஒரு குவியல் ஏறிக்கொண்டே போனது.

"அண்ணா, நான் புடவை வாங்க வரல. ஓனரைப் பாக்கணும்."

அவர் கை அப்படியே நின்றது. கோபப்படவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேமா" என்று மட்டும் சொல்லிவிட்டு மடிக்க ஆரம்பித்தார். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக அத்தனை புடவைகளையும் மடித்து முடித்தோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. நின்று நின்று கால் வீங்கியிருந்தது.

குறையை எடுத்துச் சொன்னால் வேலை கிடைக்கும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததை நான் நம்பியிருந்தேன். அந்தக் கடையில் குறையும் இருந்தது. கல்லாவுக்கு மேலே, விற்ற பொருளைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்கிற பலகை மூன்று மொழிகளில் தொங்கியது. தெலுங்கில் 'அம்மின' என்றால் விற்ற என்று பொருள். அதில் இகரக் குறியும் கடைசி எழுத்தும் விடுபட்டு 'அம்ம' என்று ஆகியிருந்தது. அம்மாவின் பொருட்களைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று பலகை சொன்னது. ஓனரிடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தினி வருஷமா அந்த போர்டு அங்கேயே இருக்குது. தெனம் ஆந்திராக்காரங்க வராங்க, போறாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. உனக்கு மட்டும் தப்பாத் தெரியுதா?"

"இல்ல சார், திருத்திக் குடுக்கலாம்னு..."

"வியாபார நேரம்மா. அப்புறம் பாக்கலாம்."

வெளியே வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. அதே தெருவில் இன்னும் இரண்டு கடைகளுக்குப் போவதாக இருந்தேன். போகவில்லை. ஒரு ஜூஸ் கடை நிழலில் நின்று, பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பை விட முகம்தான் அதிகம் வலித்தது. காலையிலிருந்து அதைச் சிரித்த மாதிரியே வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு சின்ன காஞ்சிபுரத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நோயாளிகளுக்குக் கொடுக்கும் குறிப்புகளைத் தெலுங்கில் எழுதித் தருகிறேன் என்று. ஆச்சரியமாகப் பதில் வந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை போனால் மீட்டிங், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை போனபோது, உட்காருங்கள், மேடம் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றார்கள். உட்கார்ந்தேன்.

நான் உட்கார்ந்திருந்த வரிசைக்கு எதிரில்தான் அவசர சிகிச்சை அறை. ஒரு ஆட்டோ வந்து நின்று, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாளைத் தாங்கி இறக்கினார்கள். இடது மணிக்கட்டு கோணலாக வீங்கியிருந்தது. கூட வந்த அவருடைய கணவர் நெற்றியில் பெரிய நாமம், கையில் கோயில் பிரசாதப் பை. வரதராஜப் பெருமாள் கோயிலில் படியிறங்கும்போது விழுந்துவிட்டார்களாம். அதை ஆட்டோக்காரர் சொன்னார், சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே இருந்த நர்சுகள் எல்லாம் தெற்கே இருந்து வந்த பெண்கள். ஊரில் தெலுங்கு பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை, அன்றைக்கு அந்த அறையில்தான் ஒருவரும் இல்லை. நர்ஸ் எப்படி விழுந்தார்கள் என்று சைகையில் கேட்டாள். கணவர் பதற்றத்தோடு, "கள்ளு திரிகி படிபோயிந்தி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நர்ஸின் முகம் மாறியது. உள்ளே எட்டிப் பார்த்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"டாக்டர், அந்தம்மா கள்ளு குடிச்சிட்டு விழுந்துட்டாங்களாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து ஓடினேன்.

"ஐயோ, கள்ளு இல்லைங்க! தெலுங்குல கள்ளுன்னா கண்ணு. கண்ணு சுத்தி, தலை சுத்தி விழுந்துட்டாங்கன்னு சொல்றாரு."

உள்ளே இருந்த இளம் டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கூட வந்தவங்களா?"

"இல்ல சார். ஆனா தெலுங்கு தெரியும்."

"அப்போ கேளுங்க. தலை சுத்திதான் விழுந்தாங்களா, வழுக்கி விழுந்தாங்களா? சுகர் இருக்கா? காலையில சாப்டாங்களா?"

அந்த அம்மாளின் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். அவர் காதில் தெலுங்கு விழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார், அடிபடாத கையால். பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம் இருப்பது எனக்குத் தெரியும், இது ஏதோ வேண்டுதலுக்காக வியாழக்கிழமையும் சேர்த்து இருந்த விரதம். சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னதும் டாக்டர் உடனே சர்க்கரை அளவைப் பார்க்கச் சொன்னார். மிகவும் குறைந்திருந்தது. குளுகோஸ் ஏற்றினார்கள். அதன் பிறகுதான் கைக்கு எக்ஸ்ரே, கட்டு எல்லாம்.

கட்டுப் போடும் வரைக்கும் அவர் என் கையை விடவில்லை. கள்ளு விஷயத்தை அவரிடம் சொல்லாமல் விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருடைய கணவர் என்ன குழப்பம் என்று கேட்டுவிட்டார். சொன்னேன். பிறகு அந்த அம்மாள் வலியோடு வலியாகச் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

மேனேஜர் சாயங்காலம்தான் வந்தார். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார். "ரொம்ப தேங்க்ஸ் மேடம், உங்க நம்பரை ரிசப்ஷன்ல குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்துவிட்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன்.

அதன் பிறகு போன் வர ஆரம்பித்தது. "மேடம், ஒரு தெலுங்கு பேஷன்ட், கொஞ்சம் பேசுறீங்களா?" அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுவேன். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு பேசுவேன். வயிற்றுப்போக்கு, நெஞ்சு வலி, காணாமல் போன மாமியார். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். கட்டணம் என்ற பேச்சே வரவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. லைனில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது கட்டணத்தைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது?

"ஊருக்கே தொண்டு செய்றியே, சம்பளம் எப்போ?" என்று என் கணவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், "சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல" என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேனேஜர் அவருடைய அறையில் மதியம் மூன்று மணிக்கு, காய்ந்துபோன இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க மேடம், நம்ம ஆஸ்பத்திரிக்குக் கெடச்ச புண்ணியம் நீங்க" என்றார்.

"மேடம், இனிமே சும்மா பேச முடியாது" என்றேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது இல்லை. அந்த வாக்கியம் ரொம்ப மரியாதையாக இருந்தது, வாசலிலேயே மறந்துவிட்டது.

அவர் இட்லியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க ஒரு சேவையாப் பண்றீங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தோம்?"

"நான் மொத நாளே வேலை கேட்டுத்தான் வந்தேன் மேடம். நீங்கதான் வரச் சொன்னீங்க. மெசேஜ்கூட இருக்குது."

போனைத் திறந்து காட்டினேன். அவர் தன்னுடைய பதிலைத் தானே படித்தார். சத்தியமாக அவருக்கு அது நினைவில்லை.

"மன்னிச்சுக்கோங்கமா" என்றார். மேடம் போய் அம்மா வந்திருந்தது. "எனக்கும் இதே பொழப்புதான். டாக்டருங்களோட கிளினிக்குக் கிளினிக்காப் போய், பேஷன்ட்ட எங்ககிட்ட அனுப்புங்கன்னு கேட்டுக்கினு நிக்கிறேன். அங்கேயும் உக்கார வெச்சிட்டு மறந்துடறாங்க. நானும் அதையே உங்களுக்குப் பண்ணியிருக்கேன்."

நான் என்ன செய்ய முடியும், எந்த நேரத்தில் பேச முடியும் என்று கேட்டார். போனில் பேசுவது, வீட்டுக்குப் போகும்போது கொடுக்கிற குறிப்புகளைத் தெலுங்கில் எழுதுவது, இரண்டும் சொன்னேன். பெரிய டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதற்குப் பிறகு போன் வருவதும் நின்றது. நாமே கேட்டுக் கெடுத்துக்கொண்டோம் என்று கொஞ்ச நாள் எனக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். யாராவது ஒரு நர்ஸ் மறுபடி ஏதாவது தப்பாகக் கேட்டு வைப்பாளே என்ற கவலை வேறு.

பிறகு ஒரு மதியம் மேனேஜரே கூப்பிட்டார். ஒத்துக்கொண்டார்கள். மாதாமாதம் ஒரு தொகை, பெரிதில்லை, ஆனால் நிச்சயமாக வரும். "தாமதத்துக்கு சாரிம்மா. பெரிய டாக்டர் ஊர்ல இல்ல" என்றார். அவ்வளவுதான் காரணம். நான் அத்தனை நாள் அதற்கு என்னென்னவோ அர்த்தம் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். கணவரிடம் சொன்னேன், வரும்போது ஸ்வீட் வாங்கி வந்தார். ஆனால் எனக்கு அன்று வந்தது சந்தோஷத்தை விடத் தூக்கம்தான். ஒரு இடம் ஒத்துக்கொள்வதற்கு இத்தனை நடை என்றால், குடும்பத்துக்குப் போதுமான அளவு சம்பாதிக்க இன்னும் எத்தனை கதவுகள் என்று மனசு கணக்குப் போட்டது. போதும் என்று அதை நிறுத்திவிட்டு, பட்டப்பகலில் படுத்துத் தூங்கினேன்.

அடுத்த வாரம் ஆந்திரா பஸ்கள் வந்து தங்கும் ஒரு லாட்ஜுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாக முழுவதையும் கேட்டார். லோன் என்று நினைக்கவில்லை. "ஓனர் மாகறல் வரைக்கும் போயிருக்காரு, நாளைக்குப் பண்ணுமா" என்றார்.

சரி என்று சொல்லி வைத்தேன்.