சுலபமான வேலைதாங்க

மரக்காணம் பஜாரில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கும் கன்னியப்பனுக்கு ஒரு தொழில் பழக்கம். செட்டுக்குள்ளே எல்லாம் கரிக்கட்டையாகக் கிடந்தாலும், "சுலபமான வேலைதாங்க, சாயங்காலம் வாங்க" என்பார். கஷ்டம் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் யார் செட்டைக் கொடுப்பார்கள்?

அந்த மனுஷன்தான் உப்பளத்துக்கு ஒரு மழைமணி செய்தார். தூரத்தில் மின்னினால் ரேடியோ கரகரக்கும் அல்லவா? அந்தக் கரகரப்பு கூடினால் மணி அடிக்கும். வாரிய உப்பை ஓலை போட்டு மூடிவிடலாம். ஆனால் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் அதே மாதிரிதான் கரகரத்தது. அதை வடிகட்டினால் மின்னலும் சேர்ந்து போனது. இரண்டு வருஷம் முட்டி மோதினார். ஒருநாள் மணி அடிக்காமல், உப்பளத்துக்காரர் பக்கிரியின் உப்புக் குவியலே மழையில் கரைந்து போனது. கடைசியில் மோட்டாருக்குப் பக்கத்தில் இன்னொரு ஏரியல் நட்டு, அந்தச் சத்தத்தை முதல் ஏரியலின் சத்தத்திலிருந்து கழித்தார். மின்னல் மட்டும் மிஞ்சியது!

காப்புரிமைக்கு மனுப் போட்டார். கிடைத்தால் மணி அவருடையது. இல்லையென்றால் யாரும் செய்து விற்கலாம். 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விசாரணை. வக்கீல் மெஹரூன்னிசா படித்துப் படித்துச் சொன்னார்: "அண்ணே, யாருக்கும் தோணுற விஷயம்னா தர மாட்டாங்க. நீங்க தோத்த கதையைத்தான் சொல்லணும். பக்கிரி உப்பு கரைஞ்சதையும் விடாதீங்க."

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "மின்னலை ரேடியோவுல பிடிக்கிறது பழசு. ரெண்டு ஏரியல் வச்சு இரைச்சலைக் கழிக்கிறதும் பழசு. ரெண்டையும் சேர்க்கிறது தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தானா தோணாதா? உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

பெரிய இடம், பெரிய மேசை. கன்னியப்பனின் வாய் கடையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டது.

"சேச்சே, சுலபமான வேலைதாங்க. எங்க தொழில்ல யாரு வேணாலும் பண்ணிடுவாங்க."

மெஹரூன்னிசா கண்ணை மூடிக்கொண்டார். அவர் எவ்வளவோ வாதாடியும் ஒன்றும் நடக்கவில்லை. காப்புரிமை இல்லை என்று முடிவாயிற்று.

"ரெண்டு வருஷம் சோறு தண்ணி இல்லாம கெடந்தியே, அதைச் சொல்ல வாய் வரலையா?" என்று மனைவி பூவிழி கேட்டாள்.

அடுத்த சீசனில் உப்பளமெங்கும் மழைமணி அடித்தது. எல்லாம் யாரோ செய்து விற்றவை. அதில் ஒன்று பழுதாகி, உப்பளத்தில் வேலை பார்க்கும் மாயவன் அதை அவர் கடைக்கே கொண்டுவந்தான்.

"என்னாண்ணே, பெரிய வேலையா?"

கன்னியப்பன் அதைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே இரண்டு ஏரியல் ஒயர்கள்.

"ஆமாம்பா," என்றார். "ரொம்பக் கஷ்டமான வேலை."

"அப்படியா? அப்ப திண்டிவனத்துல காட்டிக்கிறேன்" என்று மாயவன் மணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.