பிலோமி எழுதிக் கொடுத்த பாவங்கள்

நேற்று முத்தியால்பேட்டையில் பிலோமியின் புத்தகக் கூட்டம். ஜெபவீடுகளில் அடைபட்டுக் கிடந்து வெளியே வந்த பெண்களுக்காக அவள் எழுதுகிறாள், பேசுகிறாள். கையெழுத்துப் போடும்போது அவள் பேனா ஒழுகியது. அந்த இங்க் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அப்போது எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே ஜெபவீட்டில் இருந்தன. அதை நடத்தியவரைப் பெரியண்ணன் என்போம். சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் நாங்கள் செய்த பாவங்களை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். பக்கம் காலியாக இருந்தால் அகந்தை என்று முழங்காலில் நிறுத்துவார். எனக்கோ எழுதப் பாவமே கிடைக்காது.

"என்னாடி சவேரி, ஒரு பாவங்கூட பண்ணத் துப்பில்லையா?" என்று சிரித்துவிட்டு பிலோமியே எனக்கும் எழுதித் தருவாள். குண்டு குண்டான எழுத்து. அப்போதே அவள்மேல் எனக்குப் பொறாமை.

அஞ்சாம் வகுப்போடு பெரியண்ணன் எங்கள் படிப்பை நிறுத்தினார். அந்த வாரமே பிலோமியின் அம்மா அவளை இழுத்துக்கொண்டு வெளியேறிவிட்டாள். என் அம்மா வரவில்லை. நான் அங்கே நாற்பது வருஷம் இருந்தேன்.

நேற்றுப் பெண்கள் பிலோமியின் கையைப் பிடித்து அழுதார்கள். என் கையை யாரும் பிடிக்கவில்லை. வயிறு எரிந்தது.

கூட்டம் முடிந்து அவள் என்னிடம் வந்தாள். "நான் வெளிய வந்தப்புறம் அங்க என்னா நடந்துச்சு? சொல்லுடி, அடுத்த புத்தகத்துல எழுதறேன்."

தலை குனிந்துகொண்டே சொன்னேன்: "தர மாட்டேன்டி. அது என்னுது. நானே எழுதிக்கறேன்."

பிலோமியின் முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்கும் பொறாமை வரும் என்று நேற்றுத்தான் கண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இனித்தது.