நாற்காலியின் காது

என் தொழில் பூசி மெழுகுவது. பேச்சுக்குச் சொல்லவில்லை. தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் மேக்கப் போடுகிறவன் நான். மந்திரி, மருத்துவர், வக்கீல், நடிகர் என்று என் கைக்கு வராத கன்னம் கிடையாது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "வயசு தெரியுதாப்பா?" நன்றாகவே தெரியும். தெரியவில்லை என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம். சொல்லிவிட்டு அடுத்த முகத்துக்குப் போய்விடுவேன்.

எங்கள் நிலையத்தில் தினமும் காலையில் நேரலையாக ஒரு நிகழ்ச்சி. மாமியாரோடு சண்டை, மகன் பேசுவதில்லை, வேலை போய்விட்டது என்று நேயர்கள் தொலைபேசியில் வந்து கொட்டுவார்கள். தொகுப்பாளர் கேட்டு ஆறுதல் சொல்வார். அந்தத் தொகுப்பாளருக்கு எழுபது தாண்டி வெகுநாளாகிறது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நாற்காலி. வாலிபத்தில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை, அதுதான் காரணம். "நாற்காலி வந்தாச்சா?" என்று வாசல் காவலாளி வரைக்கும் கேட்பான். அவர் ஒருவருக்குத்தான் அந்தப் பெயர் தெரியாது. தெரிந்திருந்தாலும் விருது என்று நினைத்து நன்றி சொல்லியிருப்பார்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல. அவரைப் பற்றி அவரே வேண்டிய அளவு சொல்லியாகிவிட்டது. இது எங்கள் நிலையத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டவளின் கதை.

அக்கா தையல்காரர் மகள். படிப்பை முடித்த கையோடு வானிலை வாசிக்க வந்தாள். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டாவது தொகுப்பாளராக உட்காரவைத்தார்கள். நிகழ்ச்சிக்கு உயிர் வந்ததே அப்போதுதான். யாராவது அழுதால் அவர் மேஜைக்கு அடியில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அக்கா, "மெதுவா சொல்லுங்கம்மா, அவசரமே இல்ல, நாங்க இங்கதான் இருக்கோம்" என்பாள். எதிர்முனையில் அழுகை நிற்கும், பேச்சு தெளியும். கல்யாணமாகி, மகள் பிறந்து, கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த அவள் புருஷன் காலையில் பிள்ளையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவார். அக்காவின் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்காக வீடே வளைந்து கொடுத்தது.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதானபோது மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேலாளர் என்றால் எங்கள் மேலாளர். சொந்த மூளையைப் பத்திரமாகப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு, நேயர் எண்ணிக்கை என்கிற ஒரே கணக்கில் சிந்திக்கிற பிறவி.

"நேயர்கள் புதுமுகம் கேக்கறாங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. கேமராவுல கண்ணுக்குக் கீழ கொஞ்சம் தெரியுது."

"பெரியவருக்குக் கண்ணுக்குக் கீழ பையே தொங்குதே சார்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"அது அனுபவம்மா. அவர் முகத்துல ஒரு கம்பீரம் இருக்கு."

அந்தக் கம்பீரத்தைத் தினமும் அரை டப்பா பவுண்டேஷன் போட்டு நிமிர்த்துகிறவன் நான். ஆணுக்கு விழுந்தால் அனுபவம், பெண்ணுக்கு விழுந்தால் சுருக்கம். இதைக் கண்டுபிடித்த மகானுக்கு எங்கள் நிலைய வாசலில் சிலை வைக்கலாம். அக்கா எழுந்து வந்துவிட்டாள். வரும்போது மேலாளர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: நாற்காலி ஓய்வு பெற்றதும் அந்த இருக்கை அக்காவுக்குத்தான். அதுவரைக்கும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவர் காதில் பேச வேண்டும்.

காதில் பேசுவது என்றால், தொகுப்பாளரின் காதுக்குள் சின்னதாக ஒரு இயர்பீஸ் இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் அவருக்கு மட்டும் கேட்கும். 'நேரமாச்சு', 'அடுத்த அழைப்பு காத்திருக்கு' என்று சொல்வதற்காக ஏற்பட்ட வசதி. ஆரம்பத்தில் அக்காவும் அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, கூப்பிட்டவர் பெயர் அவருக்கு மறந்துபோனது. அக்கா எடுத்துக் கொடுத்தாள். அடுத்து, கேட்ட கேள்வி மறந்துபோனது. அதையும் எடுத்துக் கொடுத்தாள். போகப் போக, பதில், ஆறுதல், சின்னச் சின்ன நகைச்சுவை, எல்லாமே அக்கா வாயிலிருந்து அவர் காதுக்குப் போய், அவர் வாய் வழியாக நாட்டுக்குப் போனது. அவருடைய சொந்தச் சரக்கு ஒரு வணக்கமும் ஒரு சிரிப்பும்தான்.

"இந்த வயசுலயும் என்ன ஞாபகசக்தி!" என்று நேயர்கள் உருகினார்கள். ஏதோ ஒரு சங்கம் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியது. மறுநாள் என் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"மூளைக்கு வயசே ஆகாதுப்பா. எல்லாம் பயிற்சி."

"ஆமாங்க சார்," என்றேன். பயிற்சி பக்கத்து அறையில் ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. அவர் எப்போது எழுந்திருப்பார் என்று அக்கா இலவு காத்த கிளியாகக் காத்திருந்தாள். ஆனால் அவர் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டதும் அதே அக்காதான். அவள் அவ்வளவு நன்றாகப் பேசவில்லை என்றால் அந்த மனிதர் என்றைக்கோ கவிழ்ந்திருப்பார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தினமும் பார்த்தது அங்கேதான்.

"ஒரே ஒரு நாள் வாய மூடிட்டு இருங்கக்கா," என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "ஊருக்கே குட்டு வெளிப்பட்டுடும்."

"நேரலைல ஒரு மனுஷன் முழிச்சிட்டு நிக்கறத என்னால பாக்க முடியாது தம்பி."

"உங்கள வெளிய தள்ளினப்ப அவர் ஒரு வார்த்தை பேசினாரா?"

"பேசல."

"அப்புறம் என்ன?"

"அவர் பேசலைங்கறதுக்காக எனக்குப் பேசத் தெரியாதுன்னு ஆயிடுமா?"

இப்படிப்பட்ட நல்லவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். நல்லவர்கள் இல்லாவிட்டால் உதவாக்கரைகள் ஒரு நாள்கூடப் பிழைக்க முடியாது. இதையும் அக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

போன வருடம் நேயர் எண்ணிக்கை சரிந்தது. மேலாளர் பதறிப்போய் ஒரு யோசனை கண்டுபிடித்தார். 'வயதான தொகுப்பாளர்கள் ஓய்வு பெறலாமா, தொடரலாமா?' என்று நேரலையில் விவாதம். நேயர்கள் வாக்களிக்க வேண்டும். நடத்துகிறவர் யார்? நாற்காலியேதான். திருடனையே நீதிபதி இருக்கையில் உட்கார வைத்துத் திருட்டு நல்லதா கெட்டதா என்று கேட்கிற ஏற்பாடு. நாற்காலிக்கு ஒரே குஷி. தன்னைத் தொடரச் சொல்லி நாடே கெஞ்சப் போகிறது என்று மூன்று நாளாகத் தலைமயிருக்குச் சாயம் ஏற்றிக்கொண்டு வந்தார்.

மேலாளர் அக்காவையும் தனியாகக் கூப்பிட்டார். "ஓய்வுன்னு வாக்கு வந்துச்சுன்னா அடுத்த நாளே அந்த சீட் உங்களோடதும்மா. வாக்கு வாக்குதான்."

விவாதத்துக்கு முந்தின நாள் அக்கா மேக்கப் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "நாளைக்கு நான் பேசப் போறதில்ல தம்பி" என்றாள். அவளுக்கு அந்த இருக்கை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை வேர்வையைத் துடைக்கிற சாக்கில் பஞ்சோடு கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நாற்காலி வணக்கம் சொன்னார், சிரித்தார். சொந்தச் சரக்கு தீர்ந்தது. முதலில் பேசியவர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர்.

"கண்ணு மங்கினதும் எங்கிட்ட சாவிய வாங்கிட்டாங்கய்யா. அது சரிதானே, ரோட்டுல நாலு பேர் போவாங்கல்ல? உங்க வேலைக்கு அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

நாற்காலி தலையாட்டிக்கொண்டே காத்திருந்தார். காதில் ஒன்றும் வரவில்லை. "நல்ல கேள்வி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரொம்ப நல்ல கேள்வி," என்றார். டிரைவர் பொறுமையாக இருந்தார். "கேள்வி நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிக்கச் சைகை காட்டினார். எனக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது.

அடுத்துப் பேசியது ஒரு பெண்மணி. "சார், முன்னாடி உங்க பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருப்பாங்களே? எங்க வீட்டுக்காரர் தவறினப்ப எங்கிட்ட அவ்வளவு நேரம் பேசினாங்க. அவங்க எங்க இருக்காங்க சார்? நல்லா இருக்காங்களா?"

அவர் கேமராவைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். காலியாக இருந்த பக்கத்து இடத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கிக் காதைத் தொட்டார்.

"அவங்க இங்கதான் இருக்காங்க," என்றார். "தினமும் பேசுவாங்க. இன்னைக்கு என்னமோ பேச மாட்டேங்கறாங்க." குரல் உடைந்தது. "ம்மா, இருக்கீங்களா? நான் அடுத்து என்ன சொல்லணும்?"

நாடே பார்க்கிற நேரலையில், கூட்டத்தில் கை நழுவிய குழந்தை மாதிரி அந்த மனிதர் கூப்பிட்டார். போட்ட சாயம் நெற்றியோரம் கசிந்து இறங்கியது. துடைக்கப் போக எனக்குக் கால் வரவில்லை. அவர் மேல் பரிதாபம் வந்தது. வந்ததே என்று என் மேல் ஆத்திரமாகவும் வந்தது. இத்தனை வருட வெறுப்பை அந்த ஆள் ஒரே கேள்வியில் கெடுத்துவிட்டார்.

அக்காவால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? பேசிவிட்டாள். அவர் முகம் தெளிந்ததிலேயே தெரிந்தது. கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வரியாகச் சொன்னார்:

"எனக்கு வயசாயிடுச்சும்மா. களைப்பா இருக்கு. இத்தன வருஷம் என்னை உங்க வீட்டுக்குள்ள விட்டதுக்கு நன்றி. நான் கிளம்பறேன்."

சொன்னார், எழுந்தார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவு அழகாக ஒரு மனிதரை மேடையிலிருந்து இறக்க அக்காவால்தான் முடியும்.

நேயர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அழுதார்கள். அழுதுகொண்டே, அவர் தொடர வேண்டும் என்று மூட்டை மூட்டையாக வாக்குப் போட்டார்கள். அவர் நிஜமாகவே தடுமாறியது அவர்களுக்குத் தெரியவில்லை, நடிப்பு பிரமாதம் என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் அவர் மனைவி இந்த வாக்குக்கெல்லாம் மசியவில்லை. "போதும், விடுங்க" என்று வீட்டோடு வைத்துக்கொண்டார். அந்தக் கூத்தில் உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னது அந்த அம்மாள் ஒருத்திதான்.

இருக்கை காலியானது. அடுத்த வாரம் அக்கா அலமாரியிலிருந்து பழைய உடுப்பு ஒன்றை எடுத்து, இடுப்பில் பிரித்துத் தைத்து, போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள்.

"அவருக்குப் பூசின மாதிரி பூசாத தம்பி. இருக்கற முகம் இருக்கட்டும்."

பஞ்சை எடுக்கிறேன், மேலாளர் உள்ளே வந்தார். கூடவே ஒரு பெண், இருபது இருபத்திரண்டு இருக்கும். விளம்பரங்களில் பார்த்த முகம். அக்காவின் உடுப்பைப் பார்த்ததும் மேலாளர் பார்வையைச் சுவருக்கு மாற்றிக்கொண்டார்.

"இவங்கதான்மா இனிமே நிகழ்ச்சி. நீங்க வழக்கம்போல காதுல பேசினாப் போதும்."

"எனக்குன்னு சொன்னீங்களே சார்?"

"ஓய்வுன்னு வாக்கு வந்தா உங்களுக்குன்னு சொன்னேன். தொடரட்டும்னுல்ல வந்திருக்கு? உங்க குரல் தங்கம்மா. நான் மறுக்கல. முகம்தான்..."

அந்தப் பெண் பாவம், சங்கடத்தைக் குறைக்க நினைத்துச் சிரித்தாள். "கவலைப்படாதீங்கக்கா. காதுல வர்றத ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லணும்னு சார் சொல்லியிருக்காரு. நான் கரெக்டா சொல்லிடுவேன்."

அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபமாக அல்ல. "நீ நல்லா சொல்லுவம்மா," என்றாள். கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி என் பவுண்டேஷன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னம்மா இது? நேரலை ஆரம்பிக்கப் போகுது!"

"வயசானவங்க ஓய்வு வாங்கணுமான்னு விவாதம் வெச்சீங்களே சார். நான் வாங்கிக்கறேன்."

போய்விட்டாள். மேலாளர் வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடினார், குரலைத் தாழ்த்தினார், உயர்த்தினார், கையைக்கூடக் கூப்பினார். காவலாளி கதவைத் திறந்துவிட்டான். நேரம் நெருங்கியதும் வேறு வழியில்லாமல் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி ஓடி, அக்காவின் இருக்கையில் தொப்பென்று விழுந்து, பொத்தானை அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. கேமராவுக்குப் பின்னால் நான் நின்றேன். அந்தப் பெண் அழகாகக் கை கூப்பி, வணக்கம் சொல்லி, காதில் வந்ததைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு முகம் நிறையச் சிரிப்போடு, ஒரு வார்த்தை விடாமல் நாட்டு மக்களிடம் சொன்னாள்:

"ஐயையோ, அந்தம்மா போயிட்டாங்களே! எனக்கு ஒண்ணுமே தெரியாதே, இப்ப நான் என்ன பண்றது?"