சிவபாதம் அண்ணையின் மோதிரமும் என் மூக்குத்தியும்

சிவபாதம் அண்ணை போய்விட்டார் என்று ஞாயிறு காலை அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அவரோடு பிடிக்க வேண்டிய சண்டை இன்னும் மிச்சம் இருந்தது. அவரோடு வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் ஒரு சிறு ஆய்வுகூடத்தில் அவர் நிலவியலாளர். நான் மண் மாதிரி பிரிப்பவள். வைரம் தாங்கும் பாறை மென்மையானது. பழைய பனிப்பாறைகள் அதைச் சுரண்டிய பள்ளங்களில் ஏரிகள் நிறைந்துவிடும். வடக்கே அந்த ஏரிகள் உறைந்ததும், மேலே நின்று துளையிட்டு, அடியில் எடுத்த மண்ணை எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் நுணுக்குக்காட்டியில் அதில் வைரத் துணுக்கு இருக்கிறதா என்று மணி மணியாகத் தேடுவோம்.

அங்கே நகை கூடாது; அதிலிருந்து ஒரு துணுக்கு விழுந்தாலும் மாதிரி கெட்டுவிடும். காலையில் வணக்கத்துக்கு முன்னால் “மூக்குத்தி?” என்பார். அம்மா தந்த ஒற்றை வைரம் அது. அதைக் கழற்றிப் போட்ட டப்பாவைத் திறந்து காட்டினால்தான் உள்ளே விடுவார். அவருடைய வைரக்கல் வைத்த கலியாண மோதிரம் மட்டும் வீங்கிய விரலில் இறுகிவிட்டதாம்; அதற்குப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு ராசா மாதிரி இருப்பார்.

ஒருநாள் ஒரு ஏரியின் மண்ணில் என் கண்ணில் ஒரு வைரம் பட்டது. எங்கள் வேலை நீடிப்பது அந்த ஏரியில்தான் தங்கியிருந்தது. அண்ணை குனிந்து பார்த்தார். பட்டை தீட்டிய நகைக்கல், மண்ணில் கிடைத்தது அல்ல. உடனே என் டப்பாவைக் கேட்டார். மூக்குத்தி முழுசாக இருந்தது. பிறகு மெதுவாக, ஓரம் கிழிந்திருந்த தன் பிளாஸ்டரை உரித்தார். மோதிரத்தில் கல் இருந்த இடம் வெறும் குழி.

“எடுத்து வைச்சிட்டு வேலையைப் பாப்பம் அண்ணை. ஆருக்கும் தெரியாது.”

“இண்டைக்கு இதை மறைச்சா, நாளைக்கு உண்மையான வைரத்தைக் கண்டாலும் எங்களை ஆர் பிள்ளை நம்புவினம்?”

மாதிரி அனுப்பிய கம்பனிக்கு நடந்ததை அறிக்கையாக எழுதினார். எழுதியது போதாதென்று கல்லையும் அதோடு இணைத்து அனுப்பினார்! மாதிரிகள் வேறு ஆய்வுகூடத்துக்குப் போயின. எங்கள் வேலையும் போனது. மூன்று பிள்ளைகளோடு ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில் வீட்டில் இருந்தேன். மாதக்கணக்காக அவரோடு கதைக்கவில்லை.

மனுசன் விட்டாரா? நூலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நற்சான்றுக் கடிதத்தோடு வந்து நின்றார். பிழை முழுவதும் தன்னுடையது, இவர் ஒருநாளும் மூக்குத்தியோடு வேலை செய்ததில்லை என்று நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தார். நூலக அதிகாரி கடிதத்தையும் என் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை கிடைத்தது.

நேற்று சவப்பெட்டியருகே நின்றேன். அண்ணையின் விரலில் அந்த மோதிரம் அப்படியே இருந்தது. குழியில் கடைசிவரை வேறு கல் வைக்கவே இல்லை. என் கை தானாக மூக்குக்குப் போனது. வெறும் மூக்கு, வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

புத்தகத்துக்கும் மூக்குத்திக்கும் என்ன பகை? ஒன்றுமில்லை. ஆனாலும் இத்தனை வருடமாக அதைக் கழற்றிவிட்டுத்தான் நூலகத்துக்குப் போகிறேன், அண்ணை. நீங்கள் தந்துவிட்டுப் போனது இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான்.