தள்ளிவிட்ட கைகள்

தள்ளு என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறதோ எனக்குத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்தச் சொல்லை என்னளவுக்குத் தோளால் படித்தவன் எங்கள் வேலணைத் தீவில் வேறு ஆள் இல்லை. வெங்காய மூட்டை ஏற்றிய வண்டிலைத் தள்ளத் தொடங்கி, கல்வீடு, சொந்தமாய் ஓட்ட ஒரு வான் என்று வந்தவன் நான். என்னை ஒருவரும் தள்ளி ஏற்றிவிடவில்லை என்று போன மாரி வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மாரியில் மனைவிக்கு நெஞ்சுநோ வந்தது. வெங்காயம் நட்டு முடியட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவள், ஒரு காலை கதிரையை விட்டு எழும்ப முடியாமல் போனாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு நானே வானை ஓட்டினேன். கடலுக்கு நடுவே போகிற பண்ணைப் பாலத்தில் அவளுக்குச் சத்தி வந்தது. வாயிலெடுக்கட்டும் என்று ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்துச் சிக்கனப் பழக்கம். பிறகு அது இயங்கவில்லை.

தனியத் தள்ளிப் பார்த்தேன். இந்த வயதிலும் வானை அசைத்தேன், பொய்யில்லை. அசைந்ததே தவிர ஓடவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் வலை போட்டுக்கொண்டு நின்ற மண்டைதீவுக்காரர் நாலைந்து பேர், நான் கூப்பிடாமலே கரையேறி வந்தார்கள். தோட்டக்காரர் நாங்கள், மீன் வாங்குவதற்கு மேல் அவர்களோடு பழகாமல் தள்ளியே நின்றவர்கள்.

"ஏறி இருங்கோ அண்ணை, கியரைப் போடுங்கோ. நாங்கள் தள்ளுறம்," என்றார் அவர்களில் மூத்தவர்.

எஞ்சின் பிடித்தது. திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். இன்னும் பிந்தியிருந்தால் காப்பாற்றியிருக்க ஏலாது என்று டொக்டர் சொன்னார்.

அவள் சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு வாழைக்குலையோடு மண்டைதீவுக்குப் போனேன். அவர்கள் வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் கரையில் நிற்கிற எவரும் கை கொடுக்க வேண்டும், அங்கே அதுதான் வழக்கம். குலையை மணலில் வைத்துவிட்டு நானும் தோளைக் கொடுத்தேன்.

"அண்ணை, தள்ளுறியளோ, சாஞ்சு நிக்கிறியளோ?" என்று மூத்தவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வள்ளத்தில் கை வைத்தவனுக்குக் கறிக்கு மீன் உண்டு. எனக்கும் ஒரு கோர்வை தந்தார்கள். குசினிக்குள் கதிரையில் இருந்தபடியே மனைவி அதில் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். அப்படிச் சொதி வைக்க இந்தத் தீவில் ஆள் இல்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.