பெர்னீஸை ஓட்டுகிறவர்

எஞ்சின் உறுமத் தொடங்கிய பிறகும் டெல்மர் ஹட்சின்ஸ் வண்டியை நகர்த்துவதில்லை. இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றிப் பின்பக்கம் திரும்புகிறார். எதிரெதிராக ஐந்தைந்து பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுகளில், இடப்பக்கத்துக் கடைசி ஆளில் ஆரம்பித்து, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். உதடு அசையும், சத்தம் வராது. எவனாவது இடம் மாறி உட்கார்ந்திருந்தால் எண்ணிக்கை கெட்டுவிடும். மறுபடி கடைசி ஆளிலிருந்து.

"பெரிசு, டாங்கியெல்லாம் அடுத்த ஊருக்கே போயிடுச்சு!" என்று பக்கத்து இருக்கையிலிருந்து கத்துகிறார் சார்ஜன்ட் பலூம்போ.

"போகட்டும். டாங்கிக்கு ஆள் எண்ணுற வேலை கிடையாது."

பெரிசுக்கு முப்பத்து நாலு வயது. பின்னால் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மீசை சரியாக முளைக்காததால் அவருக்கு அந்தப் பட்டம். ராணுவத்துக்கு வருமுன் நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். பத்தொன்பது பிள்ளைகள், முப்பது மைல் மண் சாலை, குளிர்காலத்தில் அதே முப்பது மைல் பனி. ஒன்பது வருஷத்தில் ஒரு பிள்ளையையும் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை. இப்போது கவசக் காலாட்படை. டாங்கிகளின் பின்னாலேயே ஓடி, டாங்கியால் ஆகாத இடத்தில் இறங்கி நடக்கிற படை. வண்டி, முன்னால் லாரிச் சக்கரமும் பின்னால் டாங்கிப் பட்டையுமாக இரண்டுங்கெட்டான் பிறவி. அதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. சேற்று பூட்ஸை அந்தப் பட்டையில் தட்டாமல் எவனும் ஏறக் கூடாது என்பது மட்டும் அவர் சட்டம்; தட்டும்வரை ஸ்டியரிங்கில் கை வைக்க மாட்டார்.

"தினம் பதினோரு பேரைக் கொண்டுபோய் இறக்குறேன். சாயங்காலம் ஏத்திக்கிறேன். ஊர்ல பார்த்த அதே உத்தியோகம்தான். என்ன, அங்க இவனுங்களை விடக் கொஞ்சம் ஒழுங்கா உட்காருவாங்க."

பி கம்பெனி வண்டிகளுக்கெல்லாம் 'பி'யில் தொடங்கும் பெயர்தான் வைக்க வேண்டும் என்பது வழக்கம். மற்றவர்கள் குண்டு, புயல், சினிமா நடிகை என்று தேடிப் பிடித்து எழுதினார்கள். டெல்மர் வெள்ளைப் பெயின்டில் 'பெர்னீஸ்' என்று எழுதினார். காதலியா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "எங்க பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. ரெண்டு நிமிஷம் லேட்டானா வாசல்ல இடுப்புல கை வச்சு நிப்பாங்க. அந்தப் பேரைப் பார்த்தா கால் தானா ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்."

இந்தச் செப்டம்பரில் பெல்ஜியத்துக்குள் நுழைந்ததிலிருந்து சாலை நன்றாக இருக்கிறது. ஊர் மக்கள் கையிலிருந்து ஆப்பிள் வருகிறது, பூ வருகிறது, பாட்டில் பாட்டிலாக பீர் வருகிறது. வடக்கே போகப் போகக் கால்வாய்களும் வருகின்றன. ஸ்கேல் வைத்துக் கிழித்த தண்ணீர். இரண்டு கரையிலும் பாப்லர் மரங்கள், தாமதமாக வந்த மாணவர்கள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. பாலத்தை ஜெர்மன்காரன் தகர்த்துவிட்டுத்தான் போயிருப்பான்.

கால்வாய் வந்தால் பதினோரு பேரும் இறங்கிப் பலகைப் படகில் அக்கரைக்குத் துடுப்புப் போடுவார்கள். டெல்மர் இக்கரையில் நிற்பார். பொறியாளர் படை ரப்பர் மிதவைகள் மேல் இரும்புப் பாதை போட்டு முடிக்கும் வரை அவருக்குக் காத்திருப்பதுதான் வேலை. அதை அவர் சும்மா செய்வதில்லை. வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் படுக்கைச் சுருள்களை இறக்கி உதறுவார். அவரவர் ஈரக் காலுறையை எஞ்சின் மூடி மேல் விரித்துக் காயவைத்து, யாருடையது எது என்று ஒருவரையும் கேட்காமலே பிரித்து வைப்பார். கிட்ரிட்ஜின் காலுறையில் மட்டும் எப்போதும் ஒற்றைதான் இருக்கும். துப்பாக்கியைத் தவிர எல்லாவற்றையும் தொலைக்கிறவன் கிட்ரிட்ஜ். வண்டியின் பெரிய இயந்திரத் துப்பாக்கி அவன் பொறுப்பு என்பதால், அதைத் தொலைக்க முடியாதபடி போல்ட் போட்டிருக்கிறார்கள் என்பது பலூம்போவின் விளக்கம்.

இரண்டாவது கால்வாயைத் தாண்டி இரண்டு மைல் போனபின் ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது பத்துப் பேர்தான் இருந்தார்கள். கிட்ரிட்ஜ் ஒரு பண்ணை வீட்டில் முட்டை பொரிப்பதைப் பார்த்தபடி நின்றுவிட்டிருந்தான். டெல்மர் யாரையும் கேட்கவில்லை. ஒற்றைச் சாலையில் வண்டியைத் திருப்பிவிட்டார். பின்னால் வந்த முப்பது வண்டிகள் வயலில் இறங்கி வழிவிட வேண்டியதாயிற்று. கேப்டன் விட்லாக்கின் ஜீப்பும் அதில் ஒன்று.

கேப்டனுக்கு இருபத்தேழு வயது. முகம் சிவந்திருந்தது. "ஹட்சின்ஸ், இது பள்ளிக்கூட பஸ் இல்ல."

"இல்ல சார்."

"சமையல் லாரிக்கு ஒரு டிரைவர் வேணும்னு பத்து நாளா கேட்டுட்டு இருக்காங்க. உன் வயசுக்கு அது சரியா இருக்கும். இன்னும் ஒரு தப்பு. ஒண்ணே ஒண்ணு. அதோட நீ உருளைக்கிழங்கை எண்ணிட்டு இருப்ப."

அன்று மாலை டெல்மர் வண்டியடியில் படுத்துப் பட்டைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கிட்ரிட்ஜ் தனக்குக் கிடைத்த முட்டையில் பாதியைக் கொண்டுவந்து நீட்டினான். "பெரிசு, என்னை விட்டுட்டே போயிருக்கலாம்ல?"

"வாயை மூடிட்டு தின்னுடா" என்றார். சமையல் லாரி எப்போதும் பத்து மைல் பின்னால் வரும். அதிலிருந்து பார்த்தால் யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்பது தெரியாது. அதுதான் அவரைத் தின்றது.

மூன்றாவது கால்வாய்க்கு அவர்கள் விடியும்போது வந்தார்கள். பதினோரு பேரும் பனிமூட்டத்துக்குள் துடுப்புப் போட்டுப் போய், அக்கரையில் ஒரு செங்கல் சூளையில் இடம் பிடித்துவிட்டார்கள். சூரியன் ஏறியது. பாலம் பாதி வந்திருந்தது. காலுறைகள் காய்ந்துவிட்டன. டெல்மருடைய கை சும்மா இருக்கவில்லை. எஞ்சின் மூடி மேல் கட்டியிருக்கும் பளீர் ஆரஞ்சுத் துணியைப் பார்த்தார். இது நம் வண்டி என்று நம் விமானங்களுக்குச் சொல்கிற துணி. மூன்று நாள் சேற்றில் அது உருளைக்கிழங்குச் சாக்கு நிறத்துக்கு வந்திருந்தது.

கரையோரம் கட்டிக்கிடந்த ஒரு சரக்குப் படகில், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். டெல்மர் முடிச்சை அவிழ்த்துத் துணியோடு அவளருகில் போனார். அவள் பாஷை அவருக்குத் தெரியாது. அவர் பாஷை அவளுக்குத் தெரியாது. இருந்தும் பேச்சு நடந்தது.

"இதையா சோப்பு போடாம துவைக்கப் போற? ஆம்பளைங்களே இப்படித்தான்" என்றாள் அவள், ஃபிளமிஷில்.

"சோப்பு தர்றீங்களாம்மா? பெரிய மனசு" என்றார் இவர், ஆங்கிலத்தில்.

துணி நிறம் திரும்பியது. அவளே அதைப் பிழிந்து, தன் புருஷனின் உள்ளாடைகளுக்கும் இரண்டு தலையணை உறைகளுக்கும் நடுவே கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள்.

அப்போது வண்டியின் ரேடியோவில் பலூம்போவின் குரல் கரகரத்தது. "பெரிசு, எங்க இருக்க? சர்க்கரை ஆலைப் பக்கத்துலேர்ந்து வர்றானுங்க. இருபது பேர் இருக்கும். ஆளுக்கு ரெண்டு கிளிப் தோட்டாதான் மிச்சம். கிட்ரிட்ஜோட பெரிய துப்பாக்கி உன்கிட்டல்ல இருக்கு!"

அதே நிமிஷம் பாலத்து முனையிலிருந்து ஒருவன் கையசைத்தான். முதலில் போக வேண்டிய டாங்கி ஏறுபாதைச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. "பாலம் முடிஞ்சுது! லேசான வண்டி எது தயாரா இருக்கு? நீயா? வா, வா, டாங்கியை இழுக்குறதுக்குள்ள ஓடிடு!"

டெல்மர் ஓடி ஏறினார். ஒன்பது வருஷமும் இந்த இரண்டு மாதமும் எண்ணியவர், அன்று எதையும் எண்ணாமல் கிளம்பினார்.

மிதவைப் பாலம் வண்டியின் எடைக்கு ஒவ்வொரு முழமாக அமுங்கி எழுந்தது. அக்கரை ஏறி, செங்கல் சூளை முற்றத்துக்குள் பெர்னீஸ் நுழைந்ததும் கிட்ரிட்ஜ் சக்கரத்தில் கால் வைத்துத் தாவித் துப்பாக்கியைப் பிடித்தான். இரண்டு நிமிஷம் காது செத்தது. பிறகு சர்க்கரை ஆலைப் பக்கம் ஒருவரும் இல்லை. சூளைச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்த பலூம்போ, "பாலத்துல நடந்தா வந்த?" என்று கேட்டுச் சிரித்தார். டெல்மர் காய்ந்த காலுறைகளை எடுக்கத் திரும்பினார். அப்போதுதான் எஞ்சின் மூடி கண்ணில் பட்டது. வெறும் பச்சைப் பெயின்ட்.

வானத்தில் விமானச் சத்தம் கேட்டது. நம் சத்தம்தான். நாலு விமானம். கால்வாயைத் தாண்டி நம் வண்டி எதுவும் இன்னும் இருக்காது என்று காலையில் அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். முதல் விமானம் சாய்ந்து ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டம் சின்னதாக இருந்தது.

"கிட்ரிட்ஜ், இறங்கு."

"ஏன்? நம்ம பிளேன்தானே?"

"உன் ஸ்டாப் வந்துடுச்சு. இறங்குடா!"

அவன் கால் தரையில் பட்டதும் பெர்னீஸ் பின்னோக்கிப் பாய்ந்து முற்றத்தை விட்டு வெளியேறியது. டெல்மர் அதை நேரே பீட்ரூட் வயலுக்குள் விட்டார். முந்நூறு கஜம். மரமில்லை, சுவரில்லை, பக்கத்தில் ஆளில்லை. நடு வயலில் நிறுத்தி, எஞ்சின் மூடி மேல் ஏறி நின்று இரண்டு கையையும் வீசினார். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை அதன் பின்னால் கை வீசுகிற மாதிரி.

முதல் விமானம் சுட்டது. பீட்ரூட் இலைகள் ஒரு கோடாகக் கிழிந்துகொண்டே வர, தோட்டாக்கள் வண்டியின் வலப்பக்கப் படுக்கைச் சுருள்களைப் பஞ்சாக்கிவிட்டுப் போயின. டெல்மர் கீழே விழுந்தார். எழுந்து மறுபடி ஏறினார். சூளை முற்றத்தில் பலூம்போ பையைத் தலைகீழாகக் கொட்டி, அடியில் கிடந்த புகைக்குண்டைத் தேடி எடுத்து எறிந்தார். மஞ்சள் புகை திரண்டு எழுந்தது. நம்மவர் என்பதற்கு அதுவும் அடையாளம். இரண்டாவது விமானம் பாதிப் பாய்ச்சலில் மூக்கைத் தூக்கியது. போகும்போது இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டியது.

டெல்மர் திரும்பி வந்து முற்றத்தில் வண்டியை நிறுத்தினார். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் வண்டியில் துணி இல்லாததை இப்போது பதினோரு பேரும் பார்த்துவிட்டிருந்தார்கள்.

"கேப்டன் கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார் பலூம்போ. "நீ வாயைத் திறக்காதே பெரிசு. சமையல் லாரிக்கு உன்னை அனுப்பிட்டு, கிட்ரிட்ஜையா வண்டி ஓட்டச் சொல்றது?"

"நான் வண்டியையே தொலைச்சுடுவேன்" என்று கிட்ரிட்ஜ் ஒப்புக்கொண்டான்.

அரை மணி நேரத்தில் கேப்டனின் ஜீப் வந்தது. அவர் இறங்கினார். கையில் ஆரஞ்சுத் துணி. நாலாக மடித்து, மடிப்பு ஓரத்தை விரலால் நீவிவிட்ட மாதிரி இருந்தது.

"இந்த வண்டி மேல துணி ஏன் இல்ல?"

"காத்து சார்" என்றார் பலூம்போ. "பாலத்துல பயங்கரக் காத்து. பிச்சிட்டுப் போயிடுச்சு."

"அப்படியா? பிச்சிட்டுப் போன காத்து அதைத் துவைச்சு, மடிச்சு, பாலத்துகிட்ட என் ஜீப்பை மறிச்சு, என் மடியில வச்சுட்டு, ஏதோ திட்டிட்டும் போச்சா?"

கிட்ரிட்ஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றப் பார்த்தான். முடியவில்லை.

டெல்மர் ஓரடி முன்னால் வந்தார். "காத்து இல்ல சார். நான்தான் கழட்டினேன். அழுக்கா இருந்துச்சு, துவைச்சேன். கூப்பிட்ட அவசரத்துல மறந்துட்டேன். சார்ஜன்ட்டுக்குத் தெரியாது."

பலூம்போ கண்ணை மூடிக்கொண்டார்.

கேப்டன் பீட்ரூட் வயலைப் பார்த்தார். முற்றத்திலிருந்து நடு வயல் வரை போய்த் திரும்பிய பட்டைத் தடம் கறுப்பாகக் கிடந்தது. "அங்க எதுக்குப் போன? இங்க சுவர் இருக்கே, மறைவு இருக்கே?"

"இங்க பதினோரு பேர் இருந்தாங்க சார்."

கேப்டன் துணியை பலூம்போ கையில் கொடுத்தார். "கட்டுங்க. நாலு மைல்ல அடுத்த கால்வாய். என் ஜீப் பக்கத்துக் குழுவுல காயம்பட்டவங்களை ஏத்திட்டுத் திரும்பிப் போகுது. நான் இந்த வண்டியில வரேன். அங்க போய்ச் சேர்ந்ததும் உன் விஷயத்தை முடிவு பண்றேன் ஹட்சின்ஸ்."

பலூம்போ துணியைக் கட்டிவிட்டு முன்னிருக்கையைக் கேப்டனுக்கு விட்டுப் பின்னால் போனார். கேப்டன் கைப்பிடியைப் பற்றிப் படியில் கால் வைத்தார். ஸ்டியரிங்கில் கை வைத்திருந்த டெல்மர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பாலத்து ஏறுபாதைச் சேறு முழங்கால் வரை அப்பியிருந்தது. பின்பெஞ்சில் கிட்ரிட்ஜ், வேண்டாம் பெரிசு, வேண்டாம் என்று மூச்சுக்குள் சொல்வது எல்லோருக்கும் கேட்டது.

"சார்" என்றார் டெல்மர். "பூட்ஸ்."

கேப்டன் அவரைப் பார்த்தார். டெல்மர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கேப்டன் படியிலிருந்து இறங்கி, இரும்புப் பட்டையில் முதலில் இடது பூட்ஸைத் தட்டினார், பிறகு வலதை.