செருப்பைக் கழற்றிவிட்டுப் பறந்தோம்

காலை ஒன்பதரை மணிக்கு நானும் என் மனைவி பாண்டியம்மாளும் பழங்காநத்தம் ரவுண்டானாவில் பேருந்துக்கு நின்றோம். போகிற இடம் வானம். தூரம் பதினைந்து கிலோமீட்டர்தான். ஊருக்கு வடக்கே, அலங்காநல்லூர் சாலையில் இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், இருந்த இடத்திலேயே ஆளைப் பறக்கவைக்கிற நாற்காலி வந்திருக்கிறதாம்.

வேடிக்கைக்காகப் போகவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். நிறைமாதத்தில் அவளால் வர முடியாது. இவள்தான் போக வேண்டும். டிக்கெட் போட்டாயிற்று. இவளுக்கோ விமானம் என்றாலே பயம். எங்கள் மொட்டைமாடிக்கு மேலாகத்தான் விமானங்கள் இறங்குவதற்குப் போகும். துணி காயப்போட்டுக்கொண்டிருப்பவள், சத்தம் கேட்டால் வாளிக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துவிடுவாள்.

"அம்மாவை ஒருவாட்டி அந்த ரைடுல உக்கார வச்சுப் பாருங்கப்பா. அதுலயும் முடியலைன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருங்க. நான் சமாளிச்சுக்கிறேன்" என்று மகள் போனில் சொன்னாள். சமாளித்துக்கொள்கிறவள் குரலாக அது இல்லை.

பெரியார் நிலையத்தில் வண்டி மாறினோம். நகரப் பேருந்தில் அவளுக்குக் கட்டணமில்லை, எனக்குப் பதினெட்டு ரூபாய். வெறும் மணலாய்க் கிடந்த வைகையின் பாலத்தில் வண்டி ஏறியபோது கேட்டாள்.

"ஏங்க, பொய் விமானம்னுதானே சொன்னீக?"

"ஆமா புள்ள."

"பொய்யின்னா எதுக்கு பெல்ட்டு போடுறாக?"

எனக்கு என்ன தெரியும்? மாவு மில்காரன் நான். ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னேன். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்களில் மேகங்கள் மெதுவாக எங்களுடன் வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை.

பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தோம். ஆளுக்கு அறுநூறு ரூபாய். வரிசையில் எங்களுக்கு முன்னால் முறுக்கு மீசையோடு ஓர் அலங்காநல்லூர்க்காரர் நின்றார். பாண்டியம்மாள் முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்: "பயப்படாதீகக்கா. வாடிவாசல்ல நின்னு மாடு புடிச்ச ஆளு நானு. அண்ணே அந்தப் பக்கம் உக்காரட்டும், நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன்."

வாசலில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண், செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னாள். அப்போதுதான் இவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"செருப்பைக் கழட்டச் சொல்றாகன்னா நல்ல எடமாத்தேன் இருக்கும்" என்று என் காதில் சொன்னாள்.

உள்ளே ஒரே இருட்டு, குளிர். ஒரு வரிசைக்குப் பத்து நாற்காலி. பெல்ட் மாட்டியதும் காலடியில் இருந்த தரை விலகியது. நாற்காலிகள் அப்படியே மேலெழும்பி, முன்னால் வளைந்து நின்ற பெரிய திரைக்குள் எங்களைக் கொண்டுபோய் விட்டன. கால்கள் அந்தரத்தில் தொங்கின. பாண்டியம்மாளின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. கண்ணை இறுக மூடியிருந்தாள். "போதுங்க, போதும், போயிருவோம்" என்று முனகினாள். முடிந்தது கதை, மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தேன்.

காற்று முகத்தில் அடித்தது. எங்கிருந்தோ ஈரமண் வாசம் வந்தது. பனிமூட்டம் விலகியதும் கீழே யானைமலை படுத்துக் கிடந்தது. தென்னந்தோப்புகள், கண்மாய்கள், சோளக் காடுகள் எல்லாம் சத்தமே இல்லாமல் கடந்துபோயின. எனக்கு உடம்பு இருப்பதே மறந்துவிட்டது. திரையில் வைகை இரு கரையும் நிரம்பி ஓடியது. அட, பொய் விமானம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இறக்கி விடுங்கடா டேய்!" என்று ஒரு குரல் அலறியது. மாடு பிடித்தவர்தான். அந்தச் சத்தத்தில் இவள் கண்ணைத் திறந்துவிட்டாள். நேர் கீழே, வெயிலில் மின்னிக்கொண்டு, மீனாட்சி கோயில் கோபுரங்கள் எங்கள் பாதங்களை நோக்கி உயர்ந்து வந்தன.

"ஐயையோ! ஏங்க, காலை மடக்குங்க! ஆத்தா கோபுரத்துல கால் படப் போகுது!"

சொல்லிக்கொண்டே பெல்ட்டுக்குள் சம்மணம் போட்டுவிட்டாள். யோசிக்காமல் நானும் மடக்கினேன். திரும்பிப் பார்த்தால் வரிசை முழுக்க மடக்கிக்கொண்டிருக்கிறது. ஜீன்ஸ் போட்ட கல்லூரிப் பெண்கள்கூட முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள். மாடு பிடித்தவர் திறக்காத கண்ணோடு, அலறலை நிறுத்தாமலே, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். கடைசி இரண்டு நாற்காலிகளில் இருந்தவர்கள் மட்டும் ஒன்றும் புரியாமல் காலைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

என் மணிக்கட்டில் இப்போது கை இல்லை. அவள் இரண்டு கையையும் குவித்திருந்தாள். கோபுரங்கள் நழுவிப் பின்னால் போகிறவரை, முடி காற்றில் பறக்க, கண் சிமிட்டாமல் பார்த்தாள். என் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

இறங்கியபோது நீலச்சட்டைப் பெண் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "கோபுரம் வந்தா நம்மூருக்காரங்க எல்லாம் மடக்கிருவாங்கம்மா. தொங்கப்போட்டா வெளியூருன்னு கண்டுபுடிச்சிருவேன்."

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள் பாண்டியம்மாள்.

மாலை நான்கு மணிப் பேருந்தில் திரும்பினோம். இறங்கி நடந்தபோதும் தரை கொஞ்சம் தள்ளியே இருந்த மாதிரி இருந்தது. சிங்கப்பூர் போவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகள் போன் செய்தாள். "பொறும்மா, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

ஆறு மணிக்கு மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். தெற்கே விமானச் சத்தம் கேட்டது. நான் அவளையே பார்த்தேன். அவள் குனியவில்லை. என் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணாந்து, அது சிவப்பு விளக்கோடு மறைகிறவரை நின்றாள்.

"ஏங்க, நெச விமானம் கோயிலுக்கு மேல போகுமா?"

"தெரியலையே புள்ள. போனாலும் போகும்."

தோளில் கிடந்த வேட்டியை எடுத்து மடித்தாள்.

"அப்ப எனக்கு ஜன்னல் சீட்டாப் போடச் சொல்லுங்க. கோபுரம் வர்றது தெரிஞ்சாத்தானே காலை மடக்க முடியும்?"